எட்டெழுத்து ஊர்

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் சென்ற குடும்பம் எங்களது. போர் முடிந்தபின் நாங்கள் மறிச்சுக்கட்டிக்கு மீண்டோம். ராத்தா அங்கேயே தங்கிவிட்டார். உம்மாவின் சுகநலத்தைக் கைத்தொலைபேசியில் நான்கு வரி எழுதி அவருக்கு அனுப்பினேன். ஒரு குறுஞ்செய்திக்குப் பல செய்திகளின் கட்டணம் கழிந்தது!

காரணத்தை ஆராய்ந்தேன். ஆங்கிலமாயின் ஒரு செய்தியில் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழாயின் 70 குறிகளே. அதிலும் புள்ளி, கொம்பு, சுழி யாவும் தனித்தனிக் குறிகள். எண்ணிப் பாருங்கள்: 'மறிச்சுக்கட்டி' இலக்கணப்படி எட்டெழுத்து, பொறியின் கணக்கிலோ 14. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் காசு கேட்கும் இக்கணக்கைத் தொல்காப்பியர் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ராத்தா சிக்கனக்காரர். அவருடைய மறுமொழி ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொற்களாய் வந்தது. உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியை என்னிடமே நீட்டினார்.