சம்பளச் சீட்டில் ஒரு வரி

பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களும் மீண்டும் நடை பழகும் இடம், ஆங் மோ கியோ அவென்யூ 9இல் உள்ள தை ஹுவா குவான் மருத்துவமனை. 1993இல் தொடங்கிய இந்தச் சமூக மருத்துவமனையை, 2002இல் சீனர்கள் தொடங்கிய தை ஹுவா குவான் அற அமைப்பு ஏற்றுக்கொண்டது. அங்கே நம் தாத்தா பாட்டிகளும் இருக்கிறார்கள். கொடுத்தவர் எந்த இனம் என்று கட்டிலில் படுத்திருப்பவர் கேட்பதில்லை.

கொடை என்றதும் நமக்குப் பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். மருத்துவமனைக்குத் தந்த டான் டோக் செங், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குத் திருமண மண்டபம் தந்த பி.கோவிந்தசாமி பிள்ளை. சரி, உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மசேநிதிப் பிடித்தத்துக்குப் பக்கத்தில் சிண்டா நிதி என்று ஒரு வரி இருக்கும். 1991இல் அமைந்த சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளுக்கும் குடும்ப உதவிக்கும் போகும் பணம் அது. வேண்டாம் என்றால் படிவம் நிரப்பி விலகிக்கொள்ளலாம். “எனக்குத்தான் பிள்ளைகளே இல்லையே” என்று காரணம் சொல்பவர்கள் உண்டு.

ஆயிரம் வெள்ளி வரை சம்பாதிப்பவர் மாதம் தருவது 1 வெள்ளி. 15,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு 30 வெள்ளி. விலகப்போவதாக என்னிடம் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த 1 வெள்ளிக்காரர் இல்லை.