பிரேக் கத்துதா... பிடித்துக்கொள்கிறதா? வண்டியை எடுக்கும் முன் இதைக் கவனியுங்க!

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் தொடங்கி அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை எந்த ஊர்ப் பாதையில் நின்றாலும் ஒரு மொபெட் கண்ணில் படும். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்தே தார் ரோடு, வண்டிப்பாதை, காட்டுத்தடம் என்று எல்லா இடத்துக்கும் போகும் வண்டி அது. கரி மூட்டை, பால் கேன், பருத்திப் பொதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என எல்லாம் அதில்தான். சுமை கூடினால் பிரேக்குக்கும் வேலை கூடும். போதாததற்கு கோடையில் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் கரிசல் சகதி!

சத்தம் எதனால்?

மொபெட்டிலும் பல பைக்குகளிலும் இருப்பது டிரம் பிரேக். பிரேக்கைப் பிடித்ததும் உள்ளே 'கேம்' திரும்பி இரண்டு ஷூக்களை விரிக்கும். அவை டிரம்மின் உட்பக்கம் உரசி சக்கரத்தை நிறுத்தும். விட்டதும் ஸ்பிரிங் ஷூக்களை உள்ளே இழுக்கும்.

'கீச்' என்று கத்தினால், புழுதி சேர்ந்திருக்கலாம். ஷூ பளபளவென்று இறுகியிருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். 'கரகர' என்றால் லைனிங் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். ஷூவை உடனே மாற்றணும். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் கேட்டு, நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் மறைந்தால் அது லேசான துருதான்.

பிடித்துக்கொண்டால் ஆபத்து

சத்தத்தைவிட மோசமானது, விட்ட பிறகும் பிரேக் விடாமல் இருப்பது. வண்டியைத் தள்ளக் கனக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், டிரம் சுடும். ஓடும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆளையே சாய்த்துவிடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை. இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, தரையில் படாத சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிறகு பிரேக்கைப் பிடித்து, விட்டு, மறுபடி சுற்றுங்கள்.

* முதலிலேயே இறுக்கமாக உரசினால், பிரேக் நட்டை அதிகமாக முறுக்கியிருக்கலாம்.

* முதலில் லேசாகச் சுற்றி, பிரேக் பிடித்து விட்டதும் இறுகினால், கேபிள் துருப்பிடித்திருக்கலாம், கேமில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

பலர் செய்யும் தவறு முதல் வகைதான். பிரேக் 'லூஸ்' ஆகும்போதெல்லாம் நட்டை முறுக்கிக்கொண்டே போவார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் அளவுக்கு விளையாட்டு (ப்ளே) விட்டே ஆகணும். பிரேக் தகட்டில் தேய்மானக் குறி இருந்தால் அதையும் பாருங்கள். முள் எல்லையைத் தொட்டுவிட்டால் முறுக்கிப் பயனில்லை, ஷூவை மாற்றுவதே வழி.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகள் பலவற்றில் பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அதனால் இரண்டு சக்கரத்தையும் பார்க்கணும்.

டிஸ்க் பிரேக் என்றால், காலிப்பரில் மண் அடைந்து பேட் திரும்பாமல் நிற்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இதைச் செய்யாதீங்க!

* சத்தம் போகட்டும் என்று ஷூ, பேட் மேல் எண்ணெய் விட வேண்டாம். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்!

* சூடான டிரம், டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

* உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

சகதியில் ஓட்டி வந்தால் அன்றைக்கே சக்கரத்தைக் கழுவிவிடுங்கள். கரிசல் காய்ந்தால் கல்லாகிவிடும். காலையில் பிள்ளைகளை ஏற்றும் முன் வண்டியை நாலடி தள்ளிப் பாருங்கள். லேசாக உருண்டு, பிடித்த இடத்தில் நின்றால் தாராளமாகக் கிளம்பலாம்.