வயிற்றுக்குள் ஒரு சத்திரம் இருக்கிறது, தெரியுமா?

சென்னையிலிருந்து திருப்பதி போகிற பேருந்தில் திருவள்ளூரைத் தாண்டினால், திருத்தணிக்கு முன்னால் கனகம்மாசத்திரம் வரும். முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள், ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்கள் என்று வழிப்போக்கர் ஓயாத சாலை. பெயரிலேயே சத்திரம். அந்தச் சாலையில் நடந்து களைத்தவர்கள் எத்தனை பேரோ, யாரிடமும் கணக்கில்லை. ஆனால் இன்றைக்கு அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்புக்குள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, தெரியுமா? சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள்! நம் சொந்த உயிரணுக்களே 30 லட்சம் கோடிதான். அதாவது வீட்டுக்காரரைவிட விருந்தாளிகள் அதிகம். அத்தனையையும் அள்ளித் தராசில் வைத்தால் 200 கிராம்தான் தேறும்!

அவர்களில் பெரும்பாலானவர்கள் குடியிருப்பது பெருங்குடலில். சும்மா இல்லை, வாடகை கொடுத்துத்தான் இருக்கிறார்கள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகிறார்கள். அந்தச் சுவர் எத்தனை கனம் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஓர் உயிரணு! குடலை மடிப்பு விடாமல் விரித்தால் சுமார் 32 சதுர மீட்டர், அரை பேட்மிண்டன் மைதானம். அவ்வளவு பரப்புக்கும் ஒற்றை அணு கனத்தில் சுவர், அதையும் உடம்பு சில நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் காவல் படை. நம் நோயெதிர்ப்பு அணுக்கள் பெரும்பாலும் ரத்தத்தில் ஓடுவதில்லை; அவற்றில் ஒரு பெரிய கூட்டம் குடலைச் சுற்றி முகாமிட்டிருக்கிறது.

எச்.ஐ.வி. முதலில் அடிப்பது அந்த முகாமைத்தான், தெரியுமா? ரத்தப் பரிசோதனையில் சிடி4 என்கிற காவல் அணுக்களின் எண்ணிக்கை மெதுவாக, ஆண்டுக்கணக்கில் இறங்குவதாகத் தெரியும். குடலிலோ கிருமி நுழைந்த சில வாரங்களிலேயே சிடி4 அணுக்கள் கொத்துக் கொத்தாகக் காலி. 2004-இல் இதை மனிதர்களிடம் காட்டினார்கள். 2006-இல் அடுத்த செய்தி வந்தது. காவலர் போனதும் சுவர் ஓட்டையாகிவிடுகிறது; பாக்டீரியாக்களின் உடைந்த ஓடுகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. அவற்றைப் பார்த்து உடம்பு முழுக்க அபாயச் சங்கு ஊதுகிறது. பகலிரவாக, நிற்காமல்!

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம், ஏனென்றால் இந்தக் கதைக்கும் நம் வட்டாரத்துக்கும் உறவு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது எந்த ஊர்? பம்பாயும் இல்லை, டெல்லியும் இல்லை. நம்ம சென்னை! 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் சொல்ல, அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க இடம்? தன் வீட்டு ஃப்ரிட்ஜ்! பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்துக் காட்பாடிக்கு ரயிலேறினார். திருத்தணிக்குத் தெற்கே, அரக்கோணம் வழியாகப் போகிற தண்டவாளம். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்தவருக்கு அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அன்றைக்கு மருந்தில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். தாம்பரம் சானடோரியம் முதல் வரிசையிலேயே இருந்தது. (திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்ததும் ஒரு ஏப்ரல் 1-தான், 1960-இல். தற்செயல்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை!) இப்போது பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. திருத்தணி மலைக்கு 365 படி. படிக்கு ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷம். விடாமல் ஏறுகிறவர் ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தட்டுப்படாத அளவுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்கு அது பரவாது. ‘பரவுவது குறையும்’ என்று எழுதவில்லை, பரவவே பரவாது!

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, அதுதான் வேடிக்கை.

கிருமி அடங்கினாலும் குடல் சுவர் பழையபடி முழுசாக ஒட்டுவதில்லை. கசிவு சன்னமாகத் தொடர்கிறது. சிலருக்கு மருந்து நன்றாக வேலை செய்தும், கிருமி தெரியாமல் போயும், சிடி4 எண்ணிக்கை மட்டும் ஏறுவதே இல்லை. ஏன்? 2017-இல் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்ன விடையைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். அவர்களில் சிலருடைய உடம்பு, அந்த அணுக்களின் மேலிருக்கும் தன் சொந்த சிடி4 புரதத்துக்கு எதிராகவே ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது! அந்த ஆன்டிபாடி ஒட்டிக்கொண்ட அணுவை, நம் படையின் இன்னொரு பிரிவான ‘இயற்கைக் கொல்லி’ அணுக்கள் வந்து தீர்த்துக் கட்டுகின்றன. கிருமி செய்துவந்த வேலையை, கிருமி தூங்கிய பிறகு உடம்பே எடுத்துச் செய்கிறது.

கனகம்மாசத்திரம் பக்கம் ஒருவர் தமிழில் வாக்கியத்தை ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். கேட்பவருக்கு ஒரு குழப்பமும் இருக்காது. எல்லையில் வாழ்கிறவர்களுக்குத் தன்னவர் யார், அயலார் யார் என்று பிரிக்கிற தொல்லை இல்லை. உடம்பின் எல்லைக் காவலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஓயாமல் சங்கு ஊதினால் அதற்குத் தலை சுற்றி, ஆள் மாறாட்டம் செய்துவிடுகிறது.

சங்கு ஊத வைப்பது எந்த விருந்தாளி? 2019-இல் அதே ஆய்வாளர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள்: ஸ்டெஃபைலோகாக்கஸ். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கிற ஆசாமி. மருந்து சாப்பிட்டு வருகிற எச்.ஐ.வி.காரர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, தன்னைத் தானே தாக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் கூடின, எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குக் கூடவில்லை. அது கசிந்த ஸ்டெஃபைலோகாக்கஸின் அளவோடு ஒத்துப்போனது. சரி என்று அந்தப் பாக்டீரியாவின் ஓட்டுச் சரக்கை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் தங்கள் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராக ஆன்டிபாடி செய்தன! பேசில்லஸ் என்கிற வேறொரு பாக்டீரியாவின் ஓட்டைக் கொடுத்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. ஆக, எல்லா விருந்தாளியும் ஒன்றில்லை. (அவசரப்பட்டு ஃப்ளூ ஊசியை ஒதுக்கிவிடாதீர்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி கூடுவது வேறு, நோய் வருவது வேறு. ஊசியைப் போட்டுக்கொள்ளத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.)

இன்னும் இருக்கிறது! எச்.ஐ.வி.யின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக நாம் செய்கிற ஆன்டிபாடிகளில் பல, நம் குடலில் கிடக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், தெரியுமா? பழைய விருந்தாளிக்காகப் பயிற்சி எடுத்த படை, புதுப் பகைவனைப் பார்த்ததும் பழைய பாடத்தையே ஒப்பிக்கிறது. தடுப்பூசி கண்டுபிடிப்பவர்களின் தலைவலிகளில் இதுவும் ஒன்று.

அதைவிட விநோதம் ஒன்று. எச்.ஐ.வி.யின் ஏராளமான வகைகளை ஒரே அடியில் முடக்கும் அபூர்வ ஆன்டிபாடிகள் உண்டு. அவற்றில் சில நம் உடம்பின் சொந்தப் பொருள்களைப்போலவே இருப்பவற்றைத் தாக்குவதால், நல்ல கட்டுப்பாடுள்ள உடம்பு அவற்றை உருவாக்கும் அணுக்களை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. 2014-இல் லூபஸும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த ஒருவரின் ரத்தத்தில் அப்படியொரு ஆன்டிபாடி கிடைத்தது! லூபஸ் என்றால் உடம்பு தன்னையே தாக்கும் நோய். கட்டுப்பாடு தளர்ந்த வீட்டில்தான் அந்தப் பிள்ளை பிழைத்து வளர்ந்திருக்கிறது.

மறுபடி கசிவுக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மங்காபே என்று ஒரு குரங்கு. எச்.ஐ.வி.யின் உறவுக்காரக் கிருமி அதன் ரத்தத்தில் ஏகத்துக்கும் இருக்கும். ஆனால் எய்ட்ஸ் மட்டும் அநேகமாக வராது! அதற்குக் குடல் கசிவதில்லை.

அப்படியானால் விருந்தாளிகளையே மாற்றிப் பார்த்தால் என்ன? பார்த்தார்கள். 2021-இல் வெளிவந்த ஸ்பெயின் ஆய்வில், மருந்து சாப்பிட்டு வருகிற 30 பேரில் ஒரு பாதிக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து தயாரித்த மாத்திரையை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் கொடுத்தார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள்! ஆபத்தில்லாமல் முடிந்தது; குடல் சுவர் சிதைவதைக் காட்டும் ஒரு புரதமும் குறைந்தது. சின்ன ஆய்வு, அவ்வளவுதான் சொல்லலாம். உருப்படியாகப் பலன் தெரிந்தது வேறிடத்தில். 7,769 எச்.ஐ.வி.காரர்களுக்கு, இந்தியா உட்பட 12 நாடுகளில், கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைவு என்று 2023-இல் முடிவு வந்தது. ஓயாத அந்தச் சங்கொலி இதய நாளங்களையும் அரிக்கிறது என்பது ஆய்வாளர்களின் நெடுநாள் சந்தேகம்.

விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று காட்டியதும் நம் வேலூர் சி.எம்.சி.தான். 2000-இல், காலரா நோயாளிகளின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்தார்கள். குடல் பாக்டீரியா அதைத் தின்று கொழுப்பு அமிலமாக்க, பேதி சீக்கிரம் நின்றது! அந்த மாதிரி செரிக்காத மாவு ஆறிப்போன சோற்றிலும் கூடும். உடனே ‘பழைய சோறு எச்.ஐ.வி.யைக் குணமாக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பினால் தயவுசெய்து அங்கேயே அழித்துவிடுங்கள். மாத்திரைக்கு மாற்று மாத்திரைதான்.

கடைசியாக ஒன்று. மேலை நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள ஆண்களின் குடலில் ப்ரிவோடெல்லா என்ற பாக்டீரியா மண்டிக் கிடப்பதைப் பார்த்து, இதுதான் கிருமியின் கைவரிசை என்று கொஞ்ச காலம் நம்பினார்கள். 2016-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது அது எச்.ஐ.வி.யோடு சேர்ந்தது அல்ல, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம், எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூடுதலாகக் காணப்படுவது என்று தெரிந்தது. சோறும் பருப்பும் கீரையுமாகச் சாப்பிடுகிற நம் ஊர் ஆட்களைச் சோதித்தால்? அதே ப்ரிவோடெல்லா, தலைமுறை தலைமுறையாக, முதல் பந்தியில்! அங்கே நோயின் அடையாளமாகத் தோன்றியது, கனகம்மாசத்திரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வயிற்றில் வெறும் மத்தியானச் சாப்பாட்டின் அடையாளமாக இருக்கலாம்.