வசந்தத்துக்குக் காத்திராத தோட்டம்

குளிர்நாடுகளில் பனி விலகிய பிறகே விதைப்பார்கள். சிலிபினில் எந்த மாதமும் விதைக்கலாம். ஆனால் முட்டைக்கோஸ் நன்றாகத் திரளக் கேமரன் மலையின் குளிர் வேண்டும். நமக்கு வெண்டை, கத்தரி, பயற்றங்காய், கீரை ஏற்றவை.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த நிலம் பல இடங்களில் வெறும் மணல். நீரும் சத்தும் தங்காது. மக்கிய சாணமும் காய்ந்த இலையும் கலந்து மண்ணைத் தேற்றுங்கள். பெருமழையில் வேர் அழுகாதிருக்கப் பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தரைதானா? பழைய வாளியின் அடியில் துளையிட்டு மிளகாய்க் கன்று நடுங்கள்.

தோட்டத்து லயத்தின் பின்புறம் நம் பாட்டிமார் காசில்லாமல் காய் பறித்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீட்டோடு அந்த மண்ணும் போனது. கைப்பழக்கமாவது பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும்.