உத்தியோகம் செல்லும் தாயின் பால்

முதலிரு குழந்தைகளுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 26 வாரப் பிரசவ விடுமுறை தீர்ந்து, சிசுவைப் பாட்டியின் மடியில் விட்டு உத்தியோகத்துக்குப் புறப்படும் தாய்க்கு, மார்பு கனத்து நோகும் நடுப்பகல்தான் முதல் சோதனை. குழந்தை குடிக்கும் வேளையை அனுசரித்துக் கையாலோ பம்ப் கொண்டோ பீய்ச்சி எடுக்காவிட்டால், பால் கட்டிக்கொள்வதோடு, எடுக்க எடுக்கவே சுரக்கும் என்கிற சரீர நியதிப்படி சுரப்பும் நாளடைவில் குன்றிவிடும். சுத்தமான, மூடியிட்ட பாத்திரத்தில் சேகரித்த பாலை 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்களும் வைத்திருக்கலாம். நம் சித்திரை வெயிலில் முதல் கணக்கை நம்பலாகாது. புகட்டுமுன் அடுப்பிலேற்றாமல், வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை நிறுத்தி இளஞ்சூடாக்குவதே உசிதம். அலுவலகத்தில் பால் எடுப்பதற்கெனத் தாளிடக்கூடிய ஓர் அறையை, கழிப்பறையை அன்று, நிர்வாகிகள் ஒதுக்கிக் கொடுக்கட்டும்.