வேரில் நிற்கும் பாக்கி

மதுராந்தகத்தில் முப்பத்தாறு வருஷ காலம் இரும்புக் கடை நடத்திவிட்டு, பெட்டிச் சாவியைப் புத்திரன் கையில் ஒப்படைத்தபோது, எஞ்சிய ஆயுளை க்ஷேத்திர யாத்திரையில் கழிப்பதே என் உத்தேசமாக இருந்தது. ஆனால் சிறு பிராயத்தில் நான் நீந்திய பூர்வீக கிராமத்து ஏரி, மாடு புகவும் வழியின்றிச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததைக் கண்ட பிறகு, என் யாத்திரை அந்தக் கரையோடு நின்றுவிட்டது. பஞ்சாயத்தின் அனுமதியோடு ஞாயிறுதோறும் அங்கே கூடும் இளைஞர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

முதல் வருஷம் நாங்கள் செய்தது பெரும் பிழை. வைகாசி வெயிலில் மரங்களைத் தரைமட்டமாக அறுத்து, விறகைக் கரிமூட்டத்துக்கு ஏற்றிவிட்டு, வெறிச்சென்ற ஏரியைப் பார்த்து உள்ளம் பூரித்தோம். மழை ஓய்ந்து தை பிறந்தபோதோ, அடிக்கட்டைகளெல்லாம் ஏழெட்டுக் கொம்புகளாகத் துளிர்த்து முன்னிலும் அடர்த்தியாய் நின்றன. "தலையை வெட்டினா அது சாவாதுங்க முதலாளி, கழுத்துக்குக் கீழே தோண்டணும்" என்று சொன்ன ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், மண்ணைப் பறித்து, தண்டும் வேரும் கூடுமிடத்தைக் கடப்பாரை முனையால் தொட்டுக் காட்டினார். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை கெடாமல் வெளிவந்து முளைக்கும் என்றும் அவரே எச்சரித்தார்.

வெட்டுவதைவிட வேர்வரை விடாமல் தொடர்வதே பெரிது என்பது கடைக்காரனுக்குப் பழகிய விஷயமே. கடனுக்குச் சரக்கைத் தூக்கிக் கொடுக்க யாராலும் முடியும். வாசல் வாசலாக நடந்து பாக்கியை வசூலிப்பதில்தான் வியாபாரத்தின் ஜீவன் இருக்கிறது. ஆகவே ஏரியைப் பாகங்களாகப் பிரித்து, எங்கே எத்தனை கட்டை பெயர்த்தோம், எத்தனை நிற்கிறது என்று பேரேடு எழுத ஆரம்பித்தேன். மரம் சாய்க்கும் நாளில் திரளும் கூட்டம் மறு வருஷம் துளிர் பிடுங்க வருவதில்லை. துளிர் பிடுங்கும் நாளுக்கு ஆள் சேர்ப்பதே இன்று என் பிரதான கைங்கரியம்.

நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த சரம். சீமையினத்தின் பூவோ கதிர்போல் நீண்டிருக்கும். இந்தப் பேதம் அறியாமல் நல்ல மரத்தின்மேல் நான் அரிவாளை ஓங்கியதும், பெரியவர் என் மணிக்கட்டைப் பற்றியதும் இன்றும் நினைவிலிருக்கின்றன. அருகிலுள்ள வேடந்தாங்கலில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது அந்த நாட்டுக் கருவேலத்திலும் நீர்க்கடம்பிலுந்தானே! வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க் குடியானவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் கௌல் என்ற உறுதிப் பத்திரம் பெற்றார்கள். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கண்ட அனுபவம். காகிதம் கலெக்டருடையது, தலைமுறை தலைமுறையாகக் கண்விழித்துக் காத்தவர்கள் கரையிலிருந்த குடிகள்.

எங்கள் கரையில் இப்போது ஆவணிதோறும் பனங்கொட்டை ஊன்றுகிறோம். அது முதலில் பூமிக்குள் இறங்கிக் கிழங்கு வைக்கும். வெளியே ஓலை தலைகாட்ட மாதங்கள் செல்லும். வடகோடியில் மதகுக்கு அப்பால், பேரேட்டில் இன்னும் வரவு வைக்கப்படாத ஒரு துண்டு கிடக்கிறது. கோடை கழிவதற்குள் அங்கே கடப்பாரை இறங்க வேண்டும்.