பாறை மேல ஏறினாத்தான் டவரா? – இணையம் நம்ம மலைக்கு வர்ற வழி



சில மாதங்களுக்கு முன்பு, ஏற்காடு மலையில் உள்ள ஒரு சிற்றூரில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்தது, உள்கடன் பேசி முடித்தோம், தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்தும் போட்டாச்சு. கணக்கைச் செல்போனில் ஏற்ற வேண்டும் என்றதும், ஊக்குநர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாங்க. "பாறைக்குப் போய்ட்டு வந்துடறேன்க்கா" என்றாங்க. அந்த ஊரில் டவர் கிடைப்பது அந்தப் பாறை மேல மட்டும்தான். மழை பெய்தால் வழுக்கும். பொழுது சாய்ந்தால் காட்டெருமை பயம்.

அதே கூட்டத்தில் இன்னொரு அக்கா தன் கதையைச் சொன்னாங்க. மகளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, இ-சேவை மையத்துக்குப் போயிருக்காங்க. எல்லாம் பதிந்த பிறகு ஓடிபி கேட்டிருக்கு. அது போனது திருப்பூரில் வேலை செய்யும் மகனுடைய போனுக்கு. அவன் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டு இருந்தான். போனை எடுத்தபோது சாயங்காலம், மையம் மூடியாச்சு. மறுநாளும் கூலி போச்சு. "நம்பர் என் பேர்ல இருந்திருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றாங்க.

இந்த இரண்டு கதையும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கம். ஊருக்கு இணையம் வரவில்லை என்பது ஒன்று. வந்த இணையம் பெண்கள் கைக்கு வரவில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் இந்த இதழில் பார்ப்போம்.

பிராட்பேண்ட் என்றால் என்ன?

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அது பெரிய நகரங்களில் மட்டும், அதுவும் தொலைபேசிக் கம்பி வழியாக. எப்போதும் இணைப்பில் இருக்கும் வேகமான இணையத்தைத்தான் பிராட்பேண்ட் என்கிறோம். எவ்வளவு வேகம் இருந்தால் அந்தப் பெயர் சொல்லலாம் என்பதற்கு அரசு ஓர் அளவு வைத்திருக்கிறது. 2004-ல் அது விநாடிக்கு 256 கிலோபிட். 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். ஏறக்குறைய எட்டு மடங்கு.

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் சின்னதாக இருந்தால் ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆகும். பெரிய குழாய் என்றால் நொடியில் நிரம்பும். அந்தக் குழாயின் அகலம்தான் இணையத்தின் வேகம். போனில் டவர் கோட்டுக்குப் பக்கத்தில் 4ஜி என்று வந்தால் வேகம் உண்டு. ஆங்கில எழுத்து 'ஈ' வந்தால் அது பழைய 2ஜி. அதில் பேசலாம், படம் ஏற்றுவது கஷ்டம். "டவர் இருக்குது, ஆனா வேலை செய்யல" என்று நாம் சொல்வது பல நேரம் இதனால்தான்.

மலையில் மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

செல்போன் கோபுரத்திலிருந்து வருவது ரேடியோ அலை. டார்ச் லைட் வெளிச்சம் போல என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மேடு வந்தால் அந்தப் பக்கம் நிழல் விழும். சமவெளியில் ஒரு கோபுரம் பல ஊர்களுக்குப் போதும். சேர்வராயன் மலையில் ஏற்காடு டவுன் ஒரு மட்டம், நாகலூர் ஒரு மட்டம், மாரமங்கலம் பக்கத்துச் சிற்றூர்கள் வேறொரு மட்டம். கோபுரம் எட்டு கிலோமீட்டரில் இருந்தாலும், இடையில் ஒரு குன்று இருந்தால் பள்ளத்து வீட்டுக்கு டவர் வராது. உயரமான பாறையில் ஏறினால் கோபுரம் நேராகத் தெரியும், அதனால் டவர் வரும். சில்வர் ஓக் மரம் அடர்ந்த காப்பித் தோட்டத்துக்குள் அலை இன்னும் குறையும்.

கோபுரம் நட்டால் மட்டும் போதாது. அந்தக் கோபுரத்துக்கு இணையம் வர வேண்டும். கண்ணாடி இழைக் கேபிள் வழியாக வரலாம், இல்லாவிட்டால் இன்னொரு கோபுரத்திலிருந்து வட்டத் தட்டு ஆன்டெனா வழியாக வரலாம். மலைப் பாதையில் மண் சரிந்தாலோ, மரம் விழுந்தாலோ கேபிள் அறுந்துவிடும். கரண்ட் போய் பேட்டரி தீர்ந்தால் கோபுரமும் நின்றுவிடும். இன்னொரு காரணம் பணம். நாற்பது வீடு உள்ள ஊரில் கோபுரம் போட்டால் செலவுக்குக் கட்டாது என்று தனியார் கம்பெனிகள் கணக்குப் பார்க்கின்றன.

அப்படியானால் யார் செய்வது? யார் பணம்?

இதை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லாபம் வராத ஊருக்கும் தொலைத்தொடர்பு போக வேண்டும் என்பதற்காக 2002-லேயே மத்திய அரசு ஒரு நிதியை ஏற்படுத்தியது. தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. கம்பெனிக்கு அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? நாம் செய்யும் ரீசார்ஜில் இருந்துதான். ஆகவே டவர் கேட்பது சலுகை கேட்பது இல்லைங்க. நாம் போட்ட பணத்தில் வர வேண்டிய வசதி அது.

இந்த நிதியில் நடப்பதுதான் பாரத்நெட். நாட்டில் உள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம். 2011 அக்டோபரில் வேறு பெயரில் ஒப்புதல் ஆனது, 2015-ல் பாரத்நெட் ஆனது. சொன்ன காலத்தில் முடியாமல் பல முறை தள்ளிப்போனது. தமிழ்நாட்டில் இதைச் செய்ய 2018-ல் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 12,525 ஊராட்சிகள் அதன் இலக்கு. கேபிளில் பெரும்பகுதியை மின்கம்பங்கள் வழியாகவே இழுக்கிறார்கள்.

இது தவிர 2022 ஜூலையில், டவரே இல்லாத 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் மூலம் 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கும் மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேபிள் ஊராட்சி அலுவலகம் வரை வந்தாலே கணக்கில் 'இணைக்கப்பட்ட ஊராட்சி' என்று வந்துவிடும். நம் மலையில் ஓர் ஊராட்சி என்பது பல சிற்றூர்கள். அலுவலகத்திலிருந்து கடைசிச் சிற்றூருக்கு நடந்தால் கால் வலிக்கும். அந்தக் கடைசி தூரத்தைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

பெண்கள் நடத்திக் காட்டிய இடங்கள்

"நமக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று சிலர் கேட்பாங்க. அதற்குப் புதுச்சேரியில் பதில் இருக்கு. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தகவல் திரட்டி, மற்ற ஊர்களுக்கு ரேடியோ மூலம் அனுப்பினார்கள். பல மையங்களை நடத்தியது ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவலை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுக் கடலுக்குப் போவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் போன் செய்து எச்சரித்தார். மைய ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் மக்கள் ஓடித் தப்பினார்கள்.

தூர தேசத்துக்குப் போவோம். தென் அமெரிக்காவில் உருகுவே என்று ஒரு சின்ன நாடு. மாடு, ஆடு மேய்ச்சல் அங்கே முக்கியத் தொழில்களில் ஒன்று. 2007-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன கணினியும், பள்ளிகளுக்கு இணையமும் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் தலைநகரத்தை விட்டுவிட்டு, ஒரு உள்ளூர்ச் சிற்றூரில் இருந்துதான் ஆரம்பித்தார்கள். கடைசியில் இருக்கிறவர்களை முதலில் வைத்தார்கள். நாம் கேட்பதும் அதுதான்.

வீட்டுக்குள்ளே ஒரு தடை

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். கிராமத்துப் பெண்கள் 25 சதவீதம்கூட இல்லை. டவர் இருக்கும் ஊரிலும் போன் கணவர் கையில், மகன் கையில். பிள்ளைக்குப் போன் கெட்டதென்றும், பெண்ணுக்குப் போன் தேவையில்லை என்றும் பேச்சு.

நீதிமன்றங்கள் இதை வேறு விதமாகப் பார்க்கின்றன. 2019-ல், படிக்கும் நேரத்தில் போனை ஒப்படைக்க மறுத்த ஒரு கல்லூரி மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதியைப் பெறுவது அரசியல் சாசனம் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கேஒய்சி செய்ய முடியாமல் தவித்த வழக்கு அது. ரேஷன், பென்ஷன், வங்கி என்று எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துவிட்டு, இணையத்தைக் கொடுக்காமல் இருந்தால் அது கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வா என்பது போலத்தானே?

நாம் என்ன செய்யலாம்?

1. சிம் நம் பெயரில் இருக்கட்டும். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் அந்த நம்பரையே சேர்க்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நம்பரை நிறுத்திவிடலாம், பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். அதனால் நம்பரை உயிரோடு வைத்திருங்கள்.

2. நெட் தேவைப்படாதவர்கள் பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கேளுங்கள். கம்பெனிகள் இதைக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். ஓடிபி இதிலேயே வரும்.

3. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். அது சைபர் குற்ற உதவி எண்.

4. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்தச் சிற்றூரில் டவர் இல்லை, எத்தனை வீடு, எந்தக் கம்பெனி டவர் எந்த இடத்தில் மட்டும் கிடைக்கிறது, பள்ளியும் அங்கன்வாடியும் உண்டா என்று எழுதி, கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.

5. அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குவோம். தீர்மான நகல் ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்து, ரசீதையும் வாங்கி வைப்போம்.

குழு தொடங்கிய காலத்தில், பெண்கள் வங்கிக்குப் போனால் வாசலிலேயே நிற்க வைத்த நாட்கள் உண்டு. மூத்த உறுப்பினர்களைக் கேட்டால் சொல்வாங்க. நாம் நோட்டும் கணக்குமாகப் போய் நின்ற பிறகுதான் நாற்காலி போட்டாங்க. இதுவும் அப்படித்தான். ஒருத்தர் கேட்டால் குறை, ஊரே எழுதிக் கொடுத்தால் கோரிக்கை.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டைத் திறந்ததும் முதல் வரியாக டவர் பட்டியலை எழுதுங்கள். பாறை மேல ஏறுற நம்ம ஊக்குநர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு ஏற்றுகிற நாள் வரட்டும்.